துரைத்தனங்கள்: ஒரு மறுப்பு

சென்ற மாதக் கூட்டத்தில் நண்பர் ஒருவர், எபேசியருக்கு எழுதிய நிருபத்தின் ஆறாம் அதிகாரத்தில் வரும் ‘துரைத்தனங்கள்’ என்ற சொல்லைச் சுட்டிக்காட்டிச் சிரித்தார். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள். பாதிரித் தமிழாம். அண்டவெளியில் சஞ்சரிக்கும் சக்திகளைப் பற்றி ஒரு ஞானி பேசுகிறான், மொழிபெயர்ப்பாளனுக்கோ கலெக்டர் கச்சேரி நினைவுக்கு வருகிறது என்பது அவர் வாதம். எனக்குக் கூட்டத்தில் பேச வராது. இப்போது சொல்கிறேன்: அந்தச் சொல்லைப் போட்டவர் நம் நண்பரைவிட மூலத்தை நன்றாகப் படித்தவர்.

மூலத்தில் உள்ளது ‘ஆர்க்கே’. தொடக்கம் என்றும் ஆட்சி என்றும் பொருள். லூக்கா பன்னிரண்டாம் அதிகாரத்தில், சீடர்களை விசாரணைக்கு நிறுத்தப்போகிற ரத்தமும் சதையுமான அதிகாரிகளுக்கும் இதே சொல்தான். தீத்துவுக்கு எழுதியதில் துரைத்தனங்களுக்குக் கீழ்ப்படியச் சொல்கிறது. எபேசியரில் அவற்றோடு போராட்டம். அங்கே வானமண்டலம் என்று வருகிறதே என்பீர்கள். வருகிறதுதான். ஆனால் அதற்காகச் சொல்லை மாற்றவில்லை என்பதே விஷயம். பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழனுக்குத் துரைத்தனம் என்றால் சர்க்கார். வேதாகமத்திலும் அதுவே நின்றது.

மேலே ஏற்றி அனுப்பியது பிற்காலத்தார் வேலை. டயோனீசியஸ் என்று பெயர் வைத்துக்கொண்டு எழுதியவர் வானவர்களை ஒன்பது வகுப்பாக்கியபோது இதற்கு ஏழாவது இடம் கொடுத்தார். (ஸீனியாரிட்டி லிஸ்ட் போடுவது நம் காலத்து வியாதி மட்டுமல்ல.) லத்தீனில் இது ‘ப்ரின்கிபாட்டுஸ்’. கி.மு. 27 முதல் ராஜா என்ற பட்டமில்லாமல், முதல் குடிமகன் என்ற பாவனையில் அகஸ்டஸ் நடத்திய ஏகாதிபத்தியத்துக்கும் அதே பெயர்.

தூரத்து ரோம் வேண்டாம். 1750 ஜனவரியில் மார்த்தாண்ட வர்மா திருவிதாங்கூர் ராஜ்யத்தைப் பத்மநாபசுவாமிக்கு ஒப்படைத்துவிட்டு, பத்மநாபதாசனாக ஆளத் தொடங்கினார். திருப்படிதானம். எட்டுவீட்டுப் பிள்ளைமாரை ஒடுக்கி, காயங்குளம் முதலான சிற்றரசுகளை விழுங்கிய பிறகு நடந்தது இது. பக்தி என்கிறது ஒரு கட்சி, தந்திரம் என்கிறது இன்னொன்று. இரண்டையும் பிரித்துவிடலாம் என்று நினைப்பதில் இரு கட்சிக்கும் ஒற்றுமை. அதற்குப் பின் அரசை எதிர்ப்பது ராஜத்துரோகம் மட்டுமல்ல, பாவமும்கூட. வரி கொடுத்தவன் சுவாமிக்கே கொடுத்தான். ஆனால் ஈழவரும் புலையரும் நாடாரும் 1936ஆம் ஆண்டு ஆலயப் பிரவேச விளம்பரம் வரை தங்கள் அரசன் பள்ளிகொண்ட வாசலை மிதிக்க முடியாது. நாஞ்சில் நாடும் அதற்குள்தான் இருந்தது. தமிழனுக்குச் சம்பந்தமில்லாத விஷயம் என்று யாரும் நழுவ வேண்டாம். 1949இல் கொச்சியோடு சேர்ந்து சமஸ்தானம் மறைந்தது. 1971இல் மன்னர் மானியமும் போயிற்று. 2020இல் சுப்ரீம் கோர்ட், கோயிலின் மீது ராஜகுடும்பத்துக்குள்ள உரிமை அழியவில்லை என்றது. நாடு போன பின்னும் வழக்காடிக்கொண்டிருந்தது எது? வெறும் குடும்பமா, சொத்தா, நம்பிக்கையா? இதற்கு அந்தக் கேலிக்குரிய சொல்லைவிடப் பொருத்தமானது எனக்குத் தெரியவில்லை.

வால்ட்டர் விங்க் 1984இல் எழுதிய புத்தகத்தில், ஒவ்வொரு ஸ்தாபனத்துக்கும் புறமும் உண்டு, அகமும் உண்டு, இரண்டும் சேர்ந்தவையே அந்த அதிகாரங்கள் என்கிறார். அதைப் படிக்காமலே எனக்கு இது தெரியும்; நான் பாங்க் குமாஸ்தா. கடன் மனு ‘நிராகரிக்கப்பட்டது’ என்று திரும்பி வருகிறது. நிராகரித்தது யார்? மானேஜர் மேலிடம் என்பார். மேலிடமும் மேலிடம் என்றே சொல்லும். கவுண்டருக்கு அப்பால் நிற்பவருக்கு அகப்படும் ஒரே முகம் என்னுடையது. அந்த நேரத்தில் என் குரல்கூட வேறு யாருடையதோ ஆகிவிடுவதைக் கவனித்திருக்கிறேன்.

நண்பர் மாற்றாகச் சொன்னது ‘விண்ணாற்றல்கள்’. சென்ற வாரம் மனுவைத் திரும்பப் பெற்றுக்கொண்டு போன கிழவர் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவர். அடுத்த முறை வந்தால் அவரிடம் இந்தப் புதுச் சொல்லைச் சொல்லிப் பார்க்கிறேன். பழையது அவருக்குத் தெரியும்.