சேர்வரோட எந்த வழியாக் கதைக்கிறது?

எடிட்டர் ஒன்றின் புதிய பதிப்பு வந்தால் நாங்கள் முதலில் பார்ப்பது நிறத்தையும் எழுத்துருவையும்தான். 'சேர்வரோடு இணைய இன்னொரு முறை சேர்க்கப்பட்டுள்ளது' என்ற வரியை ஆரும் கவனிக்கிறேல்ல. என்னைக் கேட்டால், அந்தப் பட்டியலிலேயே பெறுமதியானது அந்த வரிதான்.

கோட் எழுதேக்க பிழைக்குக் கீழே சிவப்புக் கோடு விழுவதும், புள்ளி வைத்தவுடன் பெயர்கள் வரிசையாக வந்து நிற்பதும் பெரும்பாலும் எடிட்டர் தனியாகச் செய்யிற வேலை இல்லை. பின்னால ஒரு லாங்குவேஜ் சேர்வர் ஓடுது. இரண்டும் என்ன கதைக்க வேண்டும் என்பதற்கு 2016இல் மைக்ரோசொஃப்ட் முன்னின்று எல்எஸ்பி என்ற பொது நெறிமுறையைக் கொண்டுவந்தது. ஆனால் எந்த வழியாகக் கதைப்பது என்பதை அது பெரும்பாலும் எடிட்டர் செய்பவர்களிடமே விட்டுவிட்டது.

அவர்களில் பலர் லேசான வழியை எடுத்தார்கள். எடிட்டரே சேர்வரைத் தொடக்கும், அதன் ஸ்டாண்டர்ட் இன்புட், அவுட்புட் வழியாகக் கதைக்கும். எடிட்டரை மூடினால் சேர்வரும் போயிடும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் 'சேர்வரைத் தொடக்கிறது நான்தான்' என்ற ஒரு நினைப்பு அதற்குள் ஒளிஞ்சு இருக்கு.

கேம் செய்யப் பழகுகிறவர்களுக்கு கோடோவைத் தெரியும். அதன் லாங்குவேஜ் சேர்வர் கோடோ எடிட்டருக்குள்ளேயே ஓடுகிறது, கோடோ 4இல் 6005ஆம் போர்ட்டில் காத்திருக்கும். ஏற்கெனவே ஓடிக்கொண்டிருப்பதை நியோவிம் எப்படித் தொடக்கிறது? அதனால் சனம் நடுவில் 'என்சி' என்ற சின்னக் கருவியை வைத்து ஒட்டுப்போட்டது. விண்டோஸில் அந்தக் கருவி கூடவே வராது, அங்கே இன்னும் கரைச்சல். 2022இல் நியோவிம் 0.8 டிசிபி இணைப்பை நேரடியாகச் சேர்த்த பிறகுதான் அந்த ஒட்டு தேவையில்லாமல் போனது.

'ஒரு முறை சேர்த்தால் காலம் முழுக்க நாங்கள்தானே பராமரிக்கிறது' என்று பராமரிப்பாளர்கள் தயங்குவதில் நியாயம் இருக்கு. எல்எஸ்பி தொடங்கும்போது எடிட்டர் தன்னுடைய புரொசெஸ் இலக்கத்தை அனுப்பும், அந்தப் புரொசெஸ் உயிரோடு இல்லையென்றால் சேர்வர் தானே நின்றுவிட வேண்டும். சேர்வரை டொக்கருக்குள் வைத்தால் அந்த இலக்கம் அங்கே இராது. இணைஞ்ச கையோட சேர்வர் செத்துப்போகும், ஏன் என்று தேடியே ஒரு பின்னேரம் போயிடும். ஃபைல் பாதைகளும் இரண்டு பக்கமும் வேறுவேறாக இருக்கும். சொக்கெட் ஒன்றைத் திறந்துவிட்டால் எல்லாம் சரி என்று நினைக்கக்கூடாது.

இருந்தாலும் சேர்க்கத்தான் வேணும் என்பேன். 4 ஜிபி லப்டொப்பில் ஜாவா சேர்வரையும் பிரவுசரையும் ஒன்றாக ஓட விட்டுப் பாருங்கோ, விளங்கும். பாரத்தை வேறொரு மெஷினுக்கு மாற்ற 2019இல் விஎஸ் கோடுக்கு ரிமோட் எஸ்எஸ்எச் வந்தது, அருமையான சாமான். ஆனால் அதன் உரிமப்படி அதை மைக்ரோசொஃப்டின்ர எடிட்டர்களோடு மட்டும்தான் பாவிக்கலாம், விஎஸ்கோடியத்தில் பாவிக்க அனுமதி இல்லை. எடிட்டர் ஓப்பின் சோர்ஸ், வாசல் மட்டும் பூட்டு! இதனால்தான் மற்ற எடிட்டர்களில் வாற ஒவ்வொரு திறந்த இணைப்பு முறையும் எனக்குப் பெரிய விசயம்.

அதுக்காக ஒவ்வொரு சேர்வருக்கும் தனித்தனி முறை வேண்டாம். ஸ்டாண்டர்ட் இன்புட், சொக்கெட், பைப் ஆகிய மூன்றும் இருந்தால் பெரும்பாலான தேவை முடிஞ்சுது. சொக்கெட்டைச் சேர்க்கிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கோ: எல்எஸ்பியில் கடவுச்சொல் என்று ஒன்றுமே இல்லை. சேர்வர் 127.0.0.1இல் காத்திருந்தால் உங்கட மெஷினோட போச்சு, 0.0.0.0இல் திறந்தால் அதே வைஃபையில் இருக்கிற எவரும் அதோட கதைக்கலாம். தூரத்து மெஷின் என்றால் எஸ்எஸ்எச் சுரங்கத்துக்குள்ளால கொண்டுபோங்கோ.