கரைக்கு உழைக்கும் கப்பல்

நார்வேயின் வடபகுதியிலுள்ள டிராம்சோ நகரில் நவம்பர் இறுதியில் மறையும் சூரியனை ஜனவரி நடுவில்தான் மறுபடி பார்க்க முடியும். அந்த இருட்டுக் காலத்திலும், தெற்கே பெர்கன் துறைமுகத்திலிருந்து ரஷ்ய எல்லையை ஒட்டிய கிர்கெனெஸ் வரை 34 துறைகளைத் தொட்டபடி கப்பல்கள் போய்வருகின்றன. வானில் ஆடும் வடதுருவ ஒளியைக் காண வருபவர்கள் டிராம்சோவில் ஏறி இரண்டே நாளில் கிர்கெனெஸில் இறங்கிவிடுவது இன்று பெயர்பெற்ற குளிர்காலச் சுற்றுலா. ஆனால், அவர்கள் ஏறும் கப்பல் அவர்களுக்காக ஏற்பட்டதல்ல. அடுத்த ஊருக்குப் போகிற உள்ளூர்க்காரரும் அதில்தான் ஏறுகிறார். சிற்றூர்களுக்கான சரக்கும் அதில்தான் போகிறது. நள்ளிரவானாலும் அட்டவணைப்படி துறையைத் தொட்டுவிட்டுத்தான் அது நகர்கிறது. செங்கல்பட்டு மாவட்டக் கடற்கரைக்கு நீர்வழிச் சுற்றுலா வேண்டும் என்று விரும்புகிறவர்கள் முதலில் கவனிக்க வேண்டியது இதைத்தான்.

அந்தச் சேவையின் தொடக்கம் 1893. அதுவரை டிரான்ட்ஹெய்மிலிருந்து ஹாமர்ஃபெஸ்டுக்கு ஒரு கடிதம் போய்ச்சேரக் கோடையில் மூன்று வாரமும் குளிர்காலத்தில் ஐந்து மாதமும் ஆனது என்பார்கள். கலங்கரை விளக்கங்கள் அரிதாக இருந்த பாறைக் கடற்கரையில் இருட்டில் கப்பல் ஓட்ட யாரும் முன்வரவில்லை. ரிச்சர்ட் வித் என்ற கப்பல் தலைவர், திசைகாட்டியையும் கடிகாரத்தையும் கொண்டு பல ஆண்டுகள் குறித்துவைத்த கணக்குகளை நம்பி, அரசுடன் ஒப்பந்தம் செய்துகொண்டு இறங்கினார். அந்தக் கடிதப் பயணம் ஏழு நாளாகச் சுருங்கியது. இன்று நார்வேயில் விமானம் இருக்கிறது, சாலை இருக்கிறது. இருந்தும், 2021 முதல் இரண்டு நிறுவனங்களுக்கு இந்தத் தடத்தைப் பிரித்துக் கொடுத்து, கரையோர மக்களுக்கான சேவை என்ற கணக்கில் அந்த நாட்டு அரசு இன்னமும் பணம் கொடுக்கிறது. அரசின் பணம் சேவையை நிலைநிறுத்துகிறது. சுற்றுலாப் பயணியின் பணம் அதற்கு வலுச் சேர்க்கிறது. இந்த வரிசை தலைகீழானால், சுற்றுலா மந்தமாகும் மாதத்தில் கப்பலும் நின்றுபோகும்.

நம் பக்கம் நடந்தவற்றை இந்த அளவுகோலால் அளந்து பார்க்கலாம். 2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து கோர்டேலியா சொகுசுக் கப்பல் விசாகப்பட்டினத்துக்குக் கொடியசைத்து அனுப்பப்பட்டது. அடுத்த ஆண்டு அது இலங்கைக்குப் போய்க் காங்கேசன்துறையையும் தொட்டது. சென்னையிலிருந்து தெற்கே போகும் அப்படியொரு கப்பல் கோவளத்தையும் மாமல்லபுரத்தையும் தொலைவில் விட்டு விலகித்தான் போகும். அதனால் இந்தக் கரைக்கு ஒரு டீக்கடை வியாபாரம்கூட மிஞ்சாது. அது அந்தக் கப்பலின் குற்றமல்ல, அதன் வேலை வேறு. முட்டுக்காட்டில் 1984 முதல் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகத்தின் படகுக் குழாம் இயங்குகிறது; இப்போது இரண்டடுக்கு மிதக்கும் உணவகக் கப்பலும் சேர்ந்திருக்கிறது. விடுமுறை நாளில் குடும்பங்கள் அங்கே மகிழ்ச்சியாகப் பொழுதைக் கழிக்கின்றன, அது வேண்டியதுதான். ஆனால், ஏறிய இடத்திலேயே இறக்கிவிடும் படகு எந்த ஊரையும் எந்த ஊரோடும் இணைப்பதில்லை.

இணைக்கும் வழி இங்கே இல்லாமலில்லை. 1806-இல் சென்னைக்கு வடக்கே தொடங்கிய கால்வாய் படிப்படியாக நீண்டது. 1876-78 பஞ்சகாலத்தில் நிவாரண வேலையாகக் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி வெட்டப்பட்டு, அன்றைய ஆளுநர் பெயரால் பக்கிங்காம் கால்வாய் ஆனது. ஆந்திரத்தின் பெத்தகஞ்சத்திலிருந்து மரக்காணம் வரை சுமார் 420 கிலோமீட்டர். உப்பும் விறகும் நெல்லும் அதில் போயின, ஆட்களும் போனார்கள். 1934-இல் பாரதிதாசன் நண்பர்களுடன் சென்னையிலிருந்து மாமல்லபுரத்துக்குப் படகில் போன பயணம்தான் ‘மாவலிபுரச் செலவு’ என்ற கவிதையானது. அதற்கென ஒரு சுற்றுலாத் திட்டம் தேவைப்படவில்லை. கால்வாயில் படகுகள் ஓடிக்கொண்டிருந்தன, அவர்களும் ஒரு படகில் போனார்கள். 1965, 66 புயல்களில் கால்வாய் சிதைந்த பிறகு அந்தப் போக்குவரத்து மீளவில்லை.

நார்வேயில் குளிர்காலக் கடல் கொடியது. இங்கோ இயற்கைத் துறைமுகமே இல்லை, அலை நேரே கரையில் மோதுகிறது, இரண்டையும் எப்படி ஒப்பிடலாம் என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், நார்வேயின் கப்பல் தன் வழியின் பெரும்பகுதியில் திறந்த கடலில் போவதில்லை. கரைக்கும் தீவுக் கூட்டங்களுக்கும் இடைப்பட்ட, காற்று மறைவான உள்வழியில்தான் போகிறது. நம் கரையில் அந்த மறைவைத் தீவுகள் தரவில்லை. மணல்மேட்டுக்குப் பின்னால் மனித உழைப்பு வெட்டித் தந்திருக்கிறது. தை, மாசியில் பங்குனி ஆமைகள் முட்டையிடக் கரையேறும் நேரத்தில், நாட்டுப்படகுகளும் வலைகளும் நிறைந்த கரைக்கடலில் உல்லாசப் படகுகளையும் கொண்டுபோய் விடுவதைவிட, உள்ளே இருக்கும் கால்வாயை எழுப்புவதே அறிவுடைமை.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்து போகும்போது படகில் யார் ஏறுவார்கள் என்பது வலுவான எதிர்வாதம். முட்டுக்காட்டிலிருந்து மாமல்லபுரம் வரை ஏறத்தாழ 20 கிலோமீட்டர். நேரத்தில் பேருந்தைப் படகு வெல்லாது. ஆனால், அந்த நீளத்தில் கால்வாயைக் குறுக்கே கடக்கக் கேளம்பாக்கம் - கோவளம் சாலை, திருப்போரூர் - நெம்மேலி சாலை என்று விரல்விட்டு எண்ணும் வழிகளே உண்டு. கிழக்கே மீனவக் குப்பங்கள். மேற்கே பழைய மாமல்லபுரம் சாலையை ஒட்டிய வேலைவாய்ப்பும் சந்தையும். எதிர்க்கரை கண்ணுக்குத் தெரிந்தும் சுற்றிக்கொண்டு போகிறவர்களுக்குப் படகு, பேருந்துக்குப் போட்டியல்ல, அது இல்லாத இடத்துக்கு வழி. இரு கரைகளிலும் மாறி மாறி நிற்கும் படகில் காலையில் மீன்கூடையும் பள்ளிப் பிள்ளைகளும் ஏறலாம். பகலில் கடற்கோயில் பார்க்கப் போகிறவர்கள் ஏறலாம். கேரளத்தில் இது நடக்கிறது. வைக்கம் - தவணக்கடவு இடையே 2017 முதல் சூரிய ஆற்றல் படகு அன்றாடப் பயணிகளை ஏற்றிச்செல்கிறது. ஆலப்புழையில் ஒரே படகில் கீழ்த்தளம் ஊர்க்காரருக்கும் மேல்தளம் சுற்றுலாப் பயணிக்கும் என்று அந்த மாநில நீர்ப் போக்குவரத்துத் துறை ஓட்டுகிறது. கொச்சியில் 2023 ஏப்ரலில் நீர் மெட்ரோ வந்தது. தீவுவாசிகளுக்காகத் திட்டமிட்ட அந்தப் படகில் வெளியூர்க்காரர்களும் தேடிவந்து ஏறுகிறார்கள்.

கால்வாய் இன்று இருக்கும் நிலை பேருந்துப் போட்டியைவிடக் கடினமான தடை. சென்னைக்குள் பறக்கும் ரயிலின் தூண்கள் அதில் இறங்கிவிட்டன, கழிவுநீர் கலக்கிறது, தெற்கே வண்டலும் ஆகாயத்தாமரையும் அடைத்திருக்கின்றன, தாழ்ந்த பாலங்கள் உண்டு. காக்கிநாடா முதல் புதுச்சேரி வரையிலான நீர்வழி 2008-இல் தேசிய நீர்வழி எண் 4 என அறிவிக்கப்பட்டும், நம் பகுதியில் படகு ஓடவில்லை. ஆயிரம் கிலோமீட்டரை ஒரே மூச்சில் சரக்குப் பாதையாக்க நினைத்ததுதான் தவறு என்று எனக்குத் தோன்றுகிறது. முட்டுக்காடு - மாமல்லபுரம், அடுத்து சதுரங்கப்பட்டினம் என்று சிறு துண்டாக, ஆழம் அதிகம் கேட்காத தட்டையடிப் படகோடு தொடங்கினால் தூர்வாரும் செலவுக்கும் ஒரு வரம்பு இருக்கும். படகு தினமும் ஓடும் நீரில் கழிவைத் திறந்துவிடுவதும் எளிதல்ல. பார்க்கும் கண்கள் கூடிவிடும்.

மழைக்காலத்தில் என்ன செய்வது? 2023 அக்டோபர் 14 அன்று தொடங்கிய நாகப்பட்டினம் - காங்கேசன்துறைப் படகு சில நாட்களிலேயே வடகிழக்குப் பருவமழையால் நின்றது. 2024 ஆகஸ்டில்தான் மீண்டும் ஓடியது. கால்வாயில் அலை இல்லை என்றாலும் வெள்ளம் உண்டு. பள்ளிக்கரணையிலிருந்து ஒக்கியம் மடுவு வழியாக வரும் நீர் இந்தத் தெற்குக் கால்வாயில்தான் இறங்கி முட்டுக்காட்டில் கடல் சேர்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் வெள்ளத்துக்கு வழிவிடுவதே அதன் முதல் வேலை. படகுக்காக அந்த வழியில் ஒரு சுவர்கூட எழக் கூடாது. படகுத்துறைகள் நீர்மட்டத்தோடு ஏறி இறங்கும் மிதவைகளாக இருக்கட்டும். அடைமழை நாட்களில் சேவை நிற்கும் என்பதையும் அட்டவணையிலேயே சொல்லிவிடலாம். ஆனால், மார்கழியில் மழை ஓய்ந்து வெளியூர்க் கூட்டம் வரத் தொடங்கும்போது, அந்தக் கூட்டத்துக்காகக் காலைநேர நடையை நிறுத்திவிட்டுப் படகை வாடகைக்கு விடும் சபலம் நடத்துகிறவருக்கு வரும். அதைத் தடுக்கும் விதி ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும்: குப்பத்துக்கும் எதிர்க்கரைக்கும் இடையிலான நடைகள் தவறினால் அரசு உதவித்தொகை வெட்டப்படும் என்று. துறைகள் எங்கெங்கே அமைய வேண்டும் என்பதை, வலை உலர்த்தும் இடத்தையும் படகு இழுக்கும் இடத்தையும் அறிந்த மீனவ ஊர்ப் பஞ்சாயத்துகளிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும்.