இலவசமும் உரிமையும்

மென்பொருள் உரிமம் பற்றிப் பேசப் புகுந்தால் கலைப்பீடத்தில் இரு குரல்கள் எழுவது வழக்கம். ‘இது விஞ்ஞான பீடத்தாரின் அலுவல்’ என்பது ஒன்று. ‘இலவசமாகக் கிடைப்பதற்கு உரிமம் பார்ப்பானேன்?’ என்பது மற்றொன்று. இரண்டும் தவறானவை மட்டுமல்ல, எமது மக்களுக்குத் தீங்கு பயப்பனவுமாகும்.

2004 டிசெம்பர் 26 இல் ஆழிப்பேரலை, மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட நாவலடியையும் கல்லடிக் கரையையும் அழித்தது. நாடெங்கும் காணாமற் போனோரையும் முகாம்களையும் உதவித் தேவைகளையும் பதியும் பொருட்டு, இலங்கைத் தன்னார்வலர் சில வாரங்களுள் ‘சஹானா’ என்னும் மென்பொருளை ஆக்கினர். பி.எச்.பி. என்னும் நிரல்மொழியும் மைஎஸ்க்யூஎல் என்னும் தரவுத்தளமும் அதன் இரு தூண்கள். இரண்டும் இலவசமே. ஆயினும் அவ்வாண்டிலேயே அத்தூண்களிடையே ஒரு விரிசல் தோன்றியிருந்ததை எம்மில் எத்தனை பேர் அறிவோம்?

மைஎஸ்க்யூஎல் 3.23 ஆம் பதிப்பில், பிற நிரல்களை அதனோடு பிணைக்கும் பகுதி எல்.ஜி.பி.எல். என்னும் தளர்ந்த உரிமத்தின் கீழ் இருந்தது. 4 ஆம் பதிப்பில் அது ஜி.பி.எல். என்னும் கண்டிப்பான உரிமத்துக்கு மாறிற்று. இதனோடு பிணைத்து விநியோகிக்கப்படும் நிரலும் அதே உரிமத்தை ஏற்றல் வேண்டும். பி.எச்.பி.யின் உரிமமோ இதற்கு இசையாதது. எனவே 2004 ஜூலையில் வெளிவந்த பி.எச்.பி. 5, அதுவரை தன்னுடன் சேர்த்து வழங்கிய அப்பகுதியைக் கைவிட்டது. திறந்த மென்பொருள்களுக்கு உரிமையாளர் அவ்வாண்டில் அளித்த விதிவிலக்கே சிக்கலைத் தணித்தது. பொதுமக்களின் பதிவேடு ஒரு நிறுவனத்தின் தயவில் நிற்பது தகுமா?

2006 இறுதியில் மற்றொரு மாற்றம் நிகழ்ந்தது. ஜி.பி.எல்.லின் ‘இரண்டாம் பதிப்பு அல்லது அதற்குப் பிந்தியது’ என்றிருந்த நிபந்தனை, ‘இரண்டாம் பதிப்பு மட்டும்’ என்றாயிற்று. 2007 இல் மூன்றாம் பதிப்பு வெளிவந்தபோது, அதன் கீழ் மட்டும் எழுதப்பட்ட நிரல்களை மைஎஸ்க்யூஎல்லின் நிரலோடு கலந்து வெளியிடும் வழி அடைபட்டது. ஒரு தொடரின் நீக்கம் இத்தனையும் செய்தது. சேனாவரையரையும் நச்சினார்க்கினியரையும் ஒப்புநோக்கிப் பாடபேதம் ஆராயும் தமிழ் மாணவனுக்கு இது அந்நியமான தொழிலா?

இதனால் திறந்த மென்பொருளை வெறுத்தொதுக்குவதும் பேதைமையே. மைஎஸ்க்யூஎல் 2008 இல் சன் நிறுவனத்திடமும், 2010 இல் ஒராக்கிளிடமும் சென்றது. எனினும் அதனை ஆக்கியவருள் ஒருவரான மைக்கேல் விடேனியஸ், 2009 இல் அதே நிரலிலிருந்து மரியாடிபியைப் பிரித்தெடுக்க முடிந்தது. புதிய பதிப்பின் உரிமத்தை உரிமையாளர் மாற்றலாம். பழைய பதிப்புடன் முறைப்படி வழங்கிய உரிமையைப் பறித்தல் இயலாது. பணமின்றிப் பெறுவது இலவசம். ஆராயவும் திருத்தவும் பகிரவும் முடிவதே உரிமை.

வாவிக்கரை மக்களின் காணிப் பதிவுகளும் மீனவர் சங்க ஏடுகளும் நூலகப் பட்டியல்களும் கணனியில் ஏறும் காலம் இது. பதிப்பு மாறுந்தோறும் உரிமத்தைப் படிப்போர் வேண்டும். தரவு முழுவதையும் திறந்த வடிவில் வெளியே எடுக்கும் உரிமை ஒவ்வோர் ஒப்பந்தத்திலும் எழுதப்படல் வேண்டும். உரிமங்கள் தமிழில் விளக்கப்படல் வேண்டும். இவற்றுள் முதலாவதும் மூன்றாவதும் மொழி கற்றோரின் கடன். அக்கடனைத் தட்டிக்கழிக்கும் கலைப்பீடம், தன் மக்களின் நினைவேட்டைப் பிறர் கையிற் கொடுத்துவிட்டு வாளாவிருப்பதாகும்.