சோப்பு மறைக்கும் புரதம்

விருதுநகரை அடுத்த சூலக்கரைப் பக்கம் குடித்தனம் நடத்துகிறவர்களிடம் உப்புத் தண்ணீரைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. சோப்பை எவ்வளவு தேய்த்தாலும் நுரைக்காது. பால் திரிந்தாற்போல வெள்ளையாக ஏதோ மிதக்கும். துணிக்கும் தண்ணீருக்கும் ஏற்ற சோப்பைத் தேடுவது நமக்குப் பழகிய சங்கதி. ஆராய்ச்சிச் சாலைகளிலும் இதே தலைவலிதான் என்றால் நம்புவீர்களா? அங்கே சோப்பு பொருந்தாவிட்டால், இருக்கிற புரதமே இல்லை என்று ஆகிவிடும்!

நம் உடலின் ஒவ்வொரு உயிரணுவையும் சுற்றி மெல்லிய கொழுப்புச் சுவர் இருக்கிறது. அதில் பதிந்து கிடக்கும் புரதங்கள் அநேகம். நாம் விழுங்கும் மருந்துகளில் ஏறக்குறைய பாதி போய்ப் பற்றுவது இவற்றைத்தான். வெறும் தண்ணீரில் இவை வெளியே வருமா? எண்ணெய்ச் சட்டியைத் தண்ணீரில் மட்டும் அலம்பின கதைதான்.

எஸ்.டி.எஸ். என்று ஒரு முரட்டுச் சோப்பு உண்டு. ஷாம்பூவில் நுரை தரும் சோடியம் லாரில் சல்பேட்தான் அது. கொழுப்பைக் கரைத்து, புரதத்தின் மடிப்புகளைப் பிரித்து நீட்டிவிடும். 1 கிராம் புரதத்தின் மேல் 1.4 கிராம் சோப்பு ஒட்டிக்கொள்ளும்! ஆனால் புரதத் துணுக்குகளை எடை போட்டு இனம் காட்டும் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டருக்கு இந்தச் சோப்பு ஆகாது. மிச்சம் மீதி தங்கினாலும், மைக் செட் அலறும்போது பக்கத்தில் பேசுகிறவர் குரல் கேட்காத மாதிரி, புரதம் அமுங்கிப் போகும்.

சாதுவான சோப்பு போடலாமே என்கிறீர்களா? ட்ரைட்டன் எக்ஸ்-100 புரதத்தின் உருவத்தை அவ்வளவாகக் குலைக்காது. ஆனால் எல்லாவற்றையும் வெளியே இழுக்காது. கருவியிலோ சீப்புப் பல் மாதிரி தன் கோடுகளையே வரிசையாக வரைந்து வைக்கும்.

அப்புறம் என்னதான் வழி? சிவகாசிப் பட்டாசில் சேரும் வெடியுப்பில் பொட்டாசியம் இருக்கிறதல்லவா? அந்தப் பொட்டாசியம் கலந்தால் எஸ்.டி.எஸ். வெள்ளையாகத் திரிந்து அடியில் தங்கும். உங்கள் வாளியில் சுண்ணாம்புச் சத்து செய்கிற அதே வேலை! தெரியாமல் கலந்தால் விபரீதம். தெரிந்து கலந்தால் சோப்பை விலக்க அதுவே உபாயம். எனக்குப் பிடித்தது இன்னொன்று: பித்தநீரில் உள்ள டியாக்ஸிகோலேட் உப்பு. நாம் உண்ட நெய்யைக் கரைக்கும் அதுவே புரதத்தையும் வெளியே கொண்டுவரும். பிறகு கொஞ்சம் அமிலம் விட்டால் தானே திரிந்து ஒதுங்கிவிடும். என்ன சமர்த்து!

இதெல்லாம் விஞ்ஞானிகள் கவலை, நமக்கென்ன என்று இருந்துவிட முடியாது. நோயாளிகளின் திசுவை ஒரு சோப்பிலும், மற்றவர்களுடையதை வேறு சோப்பிலும் கரைத்துவிட்டு, "இந்தப் புரதம் குறைந்தால் புற்றுநோய்" என்று ஒருவர் சொன்னால்? வித்தியாசம் நோயினாலா, சோப்பினாலா?

பெங்களூர் உயிர்தகவலியல் நிறுவனமும் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து 2014-ல் மனிதப் புரதங்களின் வரைபடம் ஒன்றை வெளியிட்டன. 30 வகைத் திசுக்களிலும் உயிரணுக்களிலும் தேடி, 17,294 மரபணுக்களின் புரதங்களைப் பிடித்தார்கள். மொத்தத்தில் சுமார் 84 சதவீதம். மீதி? சில அந்தத் திசுக்களில் உண்டாகாமலே இருந்திருக்கும். சில கொழுப்புச் சுவரை விட்டு வராமல் அடம் பிடித்திருக்கும். வாசனையை உணரும் மூக்கின் புரதங்கள் சுமார் 400 வகை. அளவில் சொற்பம், இருப்பதும் கொழுப்புச் சுவருக்குள். உங்கள் தலையில் உள்ள மல்லிகையை நொடியில் கண்டுகொள்ளும் இவற்றில் பெரும்பாலானவை ஆராய்ச்சியாளர்களுக்கு இன்னமும் கண்ணாமூச்சி காட்டுகின்றன.