கைப்பேசியும் புகைப் பழக்கமும்

புகை பிடிப்பது கெடுதல் என்பதை அறியாதவர் இன்று எவருமில்லை. பீடி குடிப்பவரையே கேட்டுப் பாருங்கள், நம்மைவிட விளக்கமாகச் சொல்வார். விட முடியாமல்தான் அவர் தவிக்கிறார். அன்புத் தோழியரே, அறிவுரைகளை அள்ளி வழங்கிய நாம் அந்த ஏழைத் தொழிலாளிக்கு எப்போதாவது துணை நின்றோமா?

நம் நாட்டில் சிகரெட்டைவிடப் பீடி பிடிப்பவரே அதிகம். 2016-17இல் எடுத்த தேசியக் கணக்கெடுப்பின்படி, பெரியவர்களில் நூற்றுக்கு 7.7 பேர் பீடியும் 4 பேர் சிகரெட்டும் பிடித்தனர். பீடி பிடிப்பவரில் பலர் கூலி வேலை செய்பவர்கள். மருத்துவரைப் பார்த்து ஆலோசனை கேட்கப் போனால் ஒரு நாள் கூலி போய்விடும். ஆனால் சட்டைப் பையில் கைப்பேசி இருக்கிறது. பீடிக்கட்டும் அதே பையில்தான் இருக்கிறது!

கைப்பேசியால் பயன் உண்டா என்று பிரிட்டனில் 5,800 பேரைக் கொண்டு ஆராய்ந்து, 2011இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு பகுதியினருக்கு முதல் ஐந்து வாரம் நாள்தோறும் ஐந்து குறுஞ்செய்திகள் ஊக்கமூட்டி வந்தன. ஆசை மேலிடும்போது ஒரு சொல்லை அனுப்பினால் உடனே பதில் வரும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது இவர்களில் நூற்றுக்கு 10.7 பேர் புகையை விட்டிருந்தனர். மற்றவர்களில் 4.9 பேரே விட்டிருந்தனர். 'பத்துப் பேர்தானா?' என்று நாங்களும் முதலில் உதட்டைப் பிதுக்கினோம். அந்தப் பத்தில் ஒருவர் நம் தந்தையாக இருந்தால் அப்படிச் சொல்வோமா?

ஆனால் எழுத்துக் கூட்டிப் படிக்கவே திணறுபவருக்குக் குறுஞ்செய்தி எந்த மொழியில் வந்தாலும் என்ன பயன்? அவருக்கு வேண்டியது ஒரு மனிதக் குரல். 2016இல் டெல்லி வல்லபபாய் படேல் மார்பு நோய் நிலையத்தில் 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தொலைபேசிச் சேவை தொடங்கப்பட்டது. பின்னர் பெங்களூரு நிமான்ஸ் போன்ற நிலையங்களும் சேர்ந்தன, தமிழிலும் பேசலாம். 2018 முதல் புகையிலைப் பொட்டலங்களில் இந்த எண்ணை அச்சிடுகிறார்கள். நல்லதுதான். ஆனால் பெட்டிக்கடையில் இரண்டே இரண்டு பீடி வாங்குபவர் பொட்டலத்தை எங்கே பார்க்கிறார்? கடைப் பலகையிலேயே அந்த எண்ணைப் பெரிதாக எழுத வேண்டும் என்பது எங்கள் கருத்து.

எங்கள் தோழி ஒருத்தியின் தந்தை மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். அவள் அந்த எண்ணைத் தாளில் எழுதிக் கொடுத்தாள். ஒரு வாரம் அது அவர் பையில் வியர்வையில் நனைந்து கிடந்தது. பிறகு அவளே எண்ணை அழுத்திக் கையில் கொடுத்தாள். திட்டுவார்கள் என்று அஞ்சியவரிடம், எந்த நேரத்தில் அதிகம் பிடிக்கிறீர்கள் என்று கேட்டார்களாம். டீ குடித்ததும் என்றாராம். "மரியாதையாப் பேசினாங்கம்மா" என்று அன்று முழுதும் சொல்லிக்கொண்டிருந்தாராம். ஒரு நாளைக் குறித்துக்கொண்டு பீடியை விட்டார்.

பதினோராம் நாள் லாரி வரத் தாமதமாயிற்று. சும்மா உட்கார்ந்திருந்தவர் ஒன்றைப் பற்றவைத்துவிட்டார். தோழி அழுதாள். இரண்டு நாள் அவருடன் பேசவே இல்லை. அவள் செய்தது சரியில்லை என்று நாங்கள் சொன்னோம். (சொல்வது எளிது; எங்கள் வீடுகளிலும் நாங்கள் அப்படித்தான்.) பல முறை முயன்ற பிறகே பலரால் விட முடிகிறது. அந்த ஆசை சில நிமிடங்களில் தணிந்துவிடும். அதுவரை பேச்சுக்கு ஒருவர் இருந்தால் போதும். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்ட அதே நாளில் அவர்களிடமிருந்து மீண்டும் அழைப்பு வந்தது. பரவாயில்லை, மறுபடி ஒரு நாளைக் குறிப்போம் என்றார்களாம். அந்த வாரம் ரீசார்ஜ் செய்யப் பணமில்லாதிருந்தால் அந்த அழைப்பும் வந்திராது என்பதை எண்ணும்போது எங்களுக்குப் பயமாக இருக்கிறது.

இப்போது டீக்குப் பின் வாயில் போட்டுக்கொள்ள அவர் பையில் ஒரு பொட்டலம் சோம்பு இருக்கிறது. அதை மடித்துக் கொடுப்பது தோழியின் வேலை. நாங்கள் இதை எழுதும் இன்று இருபத்தாறாம் நாள்.