கோயில் இருக்க மியூசியம் எதற்கு?

சிங்கப்பூருக்குப் போய் வந்தவர்களைக் கண்டால், "என்னவெல்லாம் பார்த்தீர்கள்?" என்று கேட்பது என் வழக்கம். செந்தோசாத் தீவு, இரவு நேர மிருகக்காட்சி சாலை, முஸ்தபா கடை, உயர்ந்த ஹோட்டல் மாடியிலிருந்து தெரியும் கடல் - இந்த ஜாபிதா அநேகமாக மாறுவதில்லை. தலைவலித் தைலம் எத்தனை புட்டி வாங்கினார்கள் என்ற விவரமும் உபரியாகக் கிடைக்கும். "அங்கே நல்ல மியூசியங்கள் இருக்கின்றனவே, போனீர்களா?" என்று கேட்டு விட்டால் மட்டும் அவர்கள் முகத்தில் ஓர் அனுதாபப் புன்னகை தோன்றும். "கோயில் இருக்கிற ஊர்க்காரன் மியூசியத்துக்கு எதற்கு ஸார் போக வேண்டும்? நம்ம ஊர்த் தூண் ஒன்றுக்குக் காணுமா அங்கே இருப்பதெல்லாம்?" என்பார்கள்.

கேட்பதற்கு இது தேசபக்தி போல இருக்கிறது. உள்ளே இருப்பது வெறும் சோம்பல் என்பது என் கட்சி. அந்தச் சோம்பலுக்கு நாம் கொடுத்திருக்கும் விலை கொஞ்ச நஞ்சமல்ல என்பதையும் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

கோயில் பெருமை பேசும் நாம் கோயிலில் என்ன பார்க்கிறோம்? சந்நிதியில் கண்ணை மூடிக் கொள்கிறோம். அது சரிதான், கும்பிடப் போன இடத்தில் அப்படித்தான் செய்ய வேண்டும். உற்சவ மூர்த்தியையோ பட்டும் மாலையும் மூடியிருக்கின்றன; முகம் தெரிந்தால் பாக்கியம். அதிலும் குறையில்லை. ஆனால் வடித்த ஸ்தபதியின் கை எங்கே நின்றது, இடுப்பின் வளைவு ஏன் அப்படி இருக்கிறது, இது எந்தக் காலத்து வேலை என்பதை எப்போது பார்ப்பது? கண்ணை மூடுவதற்கு ஓர் இடம் இருப்பது போல, கண்ணைத் திறப்பதற்கும் ஓர் இடம் வேண்டும் அல்லவா? மியூசியத்தின் உபயோகம் அவ்வளவுதான். பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை.

சிங்கப்பூர்க்காரர்களிடம் ஆயிரம் வருஷத்துக் கோயில் கிடையாது. இருப்பதைப் பார்க்கக் கற்றுக்கொண்டிருக்கிறார்கள். ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டிப் பழைய சர்க்கார் கட்டடம் ஒன்றில் ஆசிய நாகரிகங்களின் மியூசியம் இருக்கிறது. அதிலே ஒரு கூடம் முழுவதும் ஒரே கப்பலின் சரக்கு. 1998-ல் பெலித்தோங் தீவுக்கு அருகே கடலடியில் அகப்பட்ட கப்பல் அது. ஆணியே இல்லாமல், பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டியது. அதிலிருந்து கிடைத்தவை சுமார் 60,000 பொருள்கள். பெரும்பாலும் சீனத்துக் கிண்ணங்கள். ஒரே மாதிரியான கிண்ணங்கள் என்று அவற்றை ஒதுக்கி விடாமல் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தவர்களுக்கு ஒரு கிண்ணத்தில் தேதி கிடைத்தது: கி.பி. 826. அந்த ஒரு கிண்ணம் கப்பலின் காலத்தையே சொல்லி விட்டது!

பார்க்காமல் விட்டதற்கும் அந்த ஊரிலேயே சாட்சி உண்டு. தேசிய மியூசியத்தில் எழுத்துப் பொறித்த ஒரு கல் துண்டு வைத்திருக்கிறார்கள். 1819-ல் ஆற்று முகத்துவாரத்தில் கண்டெடுத்த பத்தடி உயரப் பாறையின் மிச்சம் அது. பாறை நிறைய எழுத்து இருந்தது. 1843-ல் ஆங்கிலேய அதிகாரிகள் அந்த இடம் தேவைப்படுகிறது என்று வெடி வைத்துத் தகர்த்தார்கள். அருமை தெரிந்த ஜேம்ஸ் லோ என்பவர் சில துண்டுகளைப் பொறுக்கிக் கல்கத்தாவுக்கு அனுப்பினார். இன்று வரையில் அந்த எழுத்தை முடிவாகப் படித்துச் சொன்னவர் யாரும் இல்லை. அந்தத் தீவின் பழங்கதையில் ஓர் அத்தியாயமே வெடி மருந்தோடு போயிற்று.

பழைய நகர மண்டபத்தையும் உச்சநீதிமன்றத்தையும் இணைத்து 2015-ல் திறந்த தேசிய ஓவியக் கூடத்துக்கும் போனேன். அங்கே சுவா மியா டீ என்ற ஓவியர் 1959-ல் தீட்டிய 'தேசிய மொழி வகுப்பு' என்ற படத்தின் முன்னால் நெடுநேரம் நின்றேன். அந்த வருஷந்தான் சிங்கப்பூருக்குச் சுயாட்சி வந்தது. மேஜையைச் சுற்றி மாணவர்கள். மலாய் சொல்லிக் கொடுக்கும் ஆசிரியர். கரும்பலகையில் மலாய் மொழியில் இரண்டே கேள்விகள். உன் பெயர் என்ன? எங்கே வசிக்கிறாய்? யாரும் முதல் பாடத்தில் படிக்கும் கேள்விகள்தாம்.

ஆனால் அந்தக் கேள்விகளை அதே ஊர் மியூசியம் ஒன்று ஒரு சமயம் கேட்கத் தவறியது. 2007-ல் ஆசிய நாகரிகங்களின் மியூசியத்தார் நியூயார்க் வியாபாரி ஒருவரிடமிருந்து சோழர் காலத்து உமா பரமேசுவரி திருமேனி ஒன்றை 6,50,000 அமெரிக்க டாலர் கொடுத்து வாங்கினார்கள். வியாபாரி காட்டிய காகிதத்தை நம்பினார்கள். அம்மையே, உன் ஊர் எது என்று துருவிக் கேட்கவில்லை. அவள் ஊர் அரியலூர் மாவட்டத்து ஸ்ரீபுரந்தான். திருட்டு அம்பலமான பிறகு, 2015-ல் திருப்பிக் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். பணமும் படிப்பும் உள்ளவர்கள் செய்த தவறு அது. மன்னித்து விடலாம் என்று நான் சொல்ல மாட்டேன்.

அவர்களைத் திட்டி விட்டு நாம் தப்பித்துக் கொள்ளலாமா? ஸ்ரீபுரந்தான் கோயிலில் 2006 வாக்கில் திருடர்கள் கை வைத்தார்கள். 2008-ல், மிச்சமிருப்பதைப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டு போகலாம் என்று அதிகாரிகள் வந்து கதவைத் திறந்த போதுதான் உள்ளே ஒன்றும் இல்லை என்று தெரிந்தது! இரண்டு வருஷம்! அந்தக் கிராமத்து ஏழை ஜனங்களை மட்டும் குற்றம் சொல்வது அநியாயம். ராஜராஜன் பெருமையை மேடையில் முழங்கும் படித்தவர்களில் எத்தனை பேர் அந்தக் கோயில் வாசலை மிதித்திருப்போம்? அதே கோயிலின் நடராஜர் ஆஸ்திரேலியாவின் தேசிய ஓவியக் கூடம் வரை போய் 2014-ல் திரும்பினார். அவரை அடையாளம் காட்டப் பெரிதும் உதவியது, புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் முன்பே எடுத்து வைத்திருந்த புகைப்படம். நம் நடராஜர் இவர்தான் என்று சொல்ல நம்மிடம் ஒரு படம் இல்லை. பிறர் எடுத்த படம் வேண்டியிருந்தது.

"தெய்வத்தைக் கண்ணாடிக் கூண்டில் அடைக்கச் சொல்கிறாயா?" என்று சிலர் கோபிக்கலாம். சொல்லவில்லை. திருமேனி கோயிலுக்கு உரியது. திரும்பி வந்தால் அங்கேதான் போக வேண்டும். ஆனால் நடப்பது என்ன? திருட்டுக்குப் பயந்து எத்தனையோ திருமேனிகளைப் பாதுகாப்பு மையங்களில் வைத்துப் பூட்டியிருக்கிறோம். பூஜையும் இல்லை, பார்வையும் இல்லை. கூண்டு என்று மியூசியத்தைப் பழிக்கிறவர்கள் இந்த இரும்புக் கதவைப் பற்றி ஏன் வாய் திறப்பதில்லை?

நம் ஊரில் மியூசியம் இல்லாமலும் இல்லை. 1851-ல் தொடங்கிய சென்னை மியூசியம் எழும்பூரில் இருக்கிறது. திருவாலங்காட்டு நடராஜர் அங்கே ஆடிக் கொண்டிருக்கிறார். அவரைக் காண உலகத்தின் மறு கோடியிலிருந்து வருகிறார்கள். பட்டணத்து ஜனங்கள் ஒரு காலத்தில் மிருகக்காட்சி சாலைக்கு 'உயிர் காலேஜ்' என்றும், மியூசியத்துக்குச் 'செத்த காலேஜ்' என்றும் பெயர் வைத்தார்கள். பாடம் செய்த மிருகங்களைக் கண்டு வேடிக்கையாக வைத்த பெயர். படிக்காதவர்களாவது அதைக் காலேஜ் என்று மதித்தார்கள். படித்த நாம் அந்த மரியாதையைக் கூடத் தருவதில்லை. பள்ளிக்கூடத்தில் படிக்கும் போது வரிசையில் நின்று பார்த்ததோடு சரி.

ஆகவே என் கோரிக்கைகள் சில. சிங்கப்பூருக்குப் போகிறவர்கள் கடை கண்ணிகளுக்குப் போவதில் ஒரு பிற்பகலை மிச்சம் பிடித்து அந்த ஆற்றங்கரைக்குப் போங்கள். எல்லாவற்றையும் கைப்பேசியில் படம் பிடித்துக் கொண்டு ஓட வேண்டாம். ஒரு பொருள் முன்னால் கால் மணி நேரம் நில்லுங்கள். திரும்பியதும் எழும்பூருக்கு ஒரு நாள் குழந்தைகளை அழைத்துச் செல்லுங்கள். பாதுகாப்பு மையங்களில் இருப்பவற்றைத் தக்க காவலோடு ஜனங்கள் பார்க்கும்படி சர்க்கார் திறந்து வைக்கட்டும். ஒவ்வொரு கோயிலிலும் அங்குள்ள திருமேனிகளின் படமும் பெயரும் எல்லோரும் காணும்படி சுவரில் தொங்கட்டும். பத்து வயதுப் பையனுக்கு அந்த முகங்கள் பழகியிருந்தால், ஒன்று காணாமற்போன மறுநாளே, "அம்மன் எங்கே?" என்று அவன் கேட்பான். அதைவிட நல்ல காவல் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.