திரையிற் காணும் ஊரும் நாம் வாழும் மலையும்

ஒரு கல்வி நிலையம் தன் விழா மலரை வெளியிடுங்கால், கட்டடங்களின் வளர்ச்சியையும் பரீட்சைப் பேறுகளையும் விளையாட்டு வெற்றிகளையும் எண்ணிப் பார்த்து மகிழ்வது வழக்கம். அவை எண்ணத்தக்கனவே. ஆயின், அந்நிலையத்து மாணவர் பாடவேளை முடிந்தபின் தம்முள் எதைப்பற்றி உரையாடுகின்றனர் என்பதும் எண்ணத்தக்கதொன்றாம். பாடவேளையிற் பேசப்படுவது ஆசிரியர் தெரிந்த பொருள். ஓய்வுவேளையிற் பேசப்படுவதோ மாணவர் தாமே தெரிந்த பொருள். அவர்தம் உள்ளத்தை அறிய விரும்புவோர் இப்பின்னதற்கே செவிசாய்த்தல் வேண்டும்.

இன்று அவ்வுள்ளம் பெரிதும் தமிழகத்துத் திரைப்படத்திலும் தொடரிலும் தோய்ந்துள்ளது. அட்டன் பேருந்து நிலையத்திற் கூடிநிற்கும் மாணவரும், தோட்டத்து இஸ்தோப்பிலே மாலையிற் குழுமும் இளைஞரும், விடுமுறைக்குக் கொழும்பிலிருந்து வந்திறங்கும் பழைய மாணவரும் பேசுவன இவையே: நேற்றிரவு வெளியான இணையவழித் தொடர், 'பிக் பாஸ்' இல்லத்து வழக்கு, புதிய படத்தின் கதை. இவற்றினூடே சென்னையிலும் பெங்களூரிலும் மாறிவரும் வாழ்க்கைமுறையும் பேசப்படுகின்றது. காதல் மணம், மணமுறிவு, தனித்து வாழும் பெண், சாதி மறுப்பு, கணினித் தொழிலாளரின் இரவுப்பணி ஆகிய யாவும் இவர்தம் உரையாடலில் அடிபடுகின்றன. இதுகண்டு முதியோர் இருவகைப்படுவர். ஒரு சாரார், 'பிள்ளைகள் கெட்டார்கள்' எனக் கடிந்துரைப்பர். மறு சாரார், 'வெறும் பொழுதுபோக்குத்தானே' என விட்டுவிடுவர். யாம் இவ்விரு சாராரோடும் உடன்படோம்.

கடிந்துரைப்போர்க்கு முதலில் விடையிறுப்போம். முத்தமிழுள் நாடகமும் ஒன்று. ஆடரங்கின் அமைப்பையும் அளவையும் சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதை விரித்துரைக்கின்றது. காண்போர் உள்ளத்து எழும் நகையும் அழுகையும் அச்சமும் மெய்ப்பாடுகளாக ஆராயத்தக்கன என்பது தொல்காப்பியர் கண்ட முடிபு. எம் முன்னோர் பத்தொன்பதாம் நூற்றாண்டிலே இம்மலைகளுக்கு வந்தபோது, காமன் கூத்தையும் பொன்னர் சங்கர் கதையையும் அருச்சுனன் தபசையும் தம் நெஞ்சிற் சுமந்தே வந்தனர். மாசித் திங்களிலே காமன் கூத்தாடும் தோட்டங்கள் இன்றும் உள. இரவெல்லாம் கூத்துக் கண்டு, மறுநாட் காலையிலே பிரட்டுக்களத்திலும் கொழுந்து மலையிலும் அதன் நிறைகுறைகளைப் பேசியவர் வழியில் வந்தோரே இன்றைய இளைஞர். கூடிக் காண்பதும் கண்டதைப் பேசுவதும் எமக்குப் புதியன அல்ல.

கலையின் வரவும் ஒருவழிப் பாதையாக இருந்ததில்லை. 1952 ஆம் ஆண்டில் அகில இந்திய வானொலி திரையிசைக்குக் கதவடைத்தபோது, இந்திய நேயர்க்கு அவ்விசையை வழங்கியது இலங்கை வானொலியே. தமிழகத்தின் திரையையும் ஆட்சியையும் ஒருங்கே ஆண்ட எம்.ஜி.ஆர். 1917 ஆம் ஆண்டு பிறந்தது எம் அயலூராகிய நாவலப்பிட்டியில். 2023 ஆம் ஆண்டில், சீ தமிழ்த் தொலைக்காட்சியின் 'சரிகமப' சிறுவர் இசைப்போட்டியிலே யாழ்ப்பாணத்துக் கில்மிஷாவும் புசல்லாவை அசானியும் பாடினர். அவ்வாண்டு மார்கழியிற் பட்டம் வென்றவர் கில்மிஷா. எனினும் எம் லயங்களிலே அசானியின் பெயர் ஒவ்வொரு வீட்டுப் பிள்ளையின் பெயராயிற்று. மலையகத்தார் வருகையின் இருநூறாம் ஆண்டை நினைவுகூர்ந்த அதே ஆண்டில் இது நிகழ்ந்தமை குறிப்பிடத்தக்கது. ஆகவே, பாக்கு நீரிணைக்கு அப்பாலிருந்து வருவதெல்லாம் நஞ்செனல் பொருந்தாது.

இனி, 'வெறும் பொழுதுபோக்கு' என்பாரை நோக்குவோம். மாணவர் உரையாடலைச் சற்றே செவிமடுத்தால் அது பொழுதுபோக்கன்று என்பது விளங்கும். மாரி செல்வராஜின் 'பரியேறும் பெருமாள்' 2018 ஆம் ஆண்டிலே வெளிவந்த படம். அதனை அண்மையிற் கைத்தொலைபேசியிற் கண்ட எம் உயர்தர வகுப்பு மாணவர் சிலர் நெடுநேரம் வாதிட்டனர். சட்டக் கல்லூரி மாணவனொருவன் சாதியின் பொருட்டு அடையும் இழிவை ஒருவன் எடுத்துரைத்தான். படத்தின் முடிவிலே அருகருகே காட்டப்படும் இரு தேநீர்க் குவளைகளின் குறிப்புப் பொருளை மற்றொருவன் விளக்கினான். செய்யுளில் உள்ளுறை காண்பதற்கு யாம் மூன்று தவணைகள் முயன்றும் வாய்க்காத கூர்மையை அங்கே கண்டு வியந்தோம். ஆயின், 'நம் தோட்டங்களில் இக்குவளைகள் எவ்வாறு இருந்தன, எவ்வாறு இருக்கின்றன?' என யாம் வினவியபோது எவரும் வாய் திறந்திலர். ஒருவன் மட்டும், 'அது இந்தியாவில் ஐயா' என்றான்.

'அது இந்தியாவில்' என்னும் அச்சொல்லே எம் கவலைக்குக் காரணம். தேயிலைக்கு ஆள் திரட்டிய கங்காணி முறைமை, சாதியையும் உடன் கொண்டுவந்தது. லயங்களே சாதிவாரியாக ஒதுக்கப்பட்ட காலம் உண்டு. சாதி இன்று பொது இடங்களிற் பெரிதும் மங்கியிருப்பினும், திருமணப் பேச்செழும்போது உயிர்பெற்றெழுகின்றது. கோயில் திருவிழாவிலே தப்படிப்போர் யார், பூசைக்கு முன்னிற்போர் யார் என்னுமிடத்துத் தலைகாட்டுகின்றது. திருநெல்வேலிச் சாதியைப் பற்றி மூன்று மணிநேரம் பேசவல்ல இளைஞன் தன் தோட்டத்துச் சாதியைப் பற்றி மூன்று நிமிடமும் பேச அஞ்சுகின்றான்.

பெண்டிர் நிலையும் இத்தகையதே. 2021 ஆம் ஆண்டிலே மலையாளத்தில் வெளிவந்து, 2023 ஆம் ஆண்டிலே தமிழிலும் எடுக்கப்பட்ட 'தி கிரேட் இந்தியன் கிச்சன்' என்னும் படம், அடுக்களையிலேயே ஒரு பெண்ணின் வாழ்நாள் கழிவதைக் காட்டியது. அப்படத்து நாயகிக்காக எம் மாணவியர் கண்ணீர் வடித்தனர். அவள் கணவனை வைதனர். நன்று. ஆயின் அவர்தம் அன்னையர் விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டி, பிள்ளைகளைப் பிள்ளைக் காம்பராவில் விட்டு, நாள் முழுதும் கொழுந்து பறித்து, குறித்த நிறை சேராவிடின் அரைப்பேர் பெற்று, மீண்டும் அடுப்படிக்கே திரும்புகின்றனர். திரையிலுள்ளவளுக்கு அடுக்களை மட்டுமே. எம் அன்னைக்கு மலையும் உண்டு, அடுக்களையும் உண்டு. அவளது ஊதியத்தை மதுக்கடைக்குக் கொண்டுசெல்வோரும் உளர். இவ்வொப்புமை மாணவியர்க்குத் தோன்றாமலில்லை. அதனைச் சொல்லும் துணிவும் சொல்லுமிடமும் அவர்க்கு வாய்க்கவில்லை.

பிறர் வீட்டுக் குறையைப் பேசுதல் எளிது. தம் வீட்டுக் குறையைப் பேசுதல் அரிது. எனினும் முன்னது பின்னதற்குப் படியாகலாம். நேரே பேசக் கூசும் பொருளைக் கதைமாந்தர்மேல் வைத்துப் பேசுதல் உலக வழக்கு. எனவே யாம் வேண்டுவது அவ்வுரையாடல் நிற்றலன்று. அது இன்னும் சிறிது தூரம் செல்லுதலே. பேச்சுத் தொடங்குமிடம் சென்னையாகலாம். அது எம் லயத்து வாயில்வரை வந்து சேர்தல் வேண்டும்.

பிறிதொன்றும் உண்டு. எம் இளைஞர் இரவு பகலாகக் காணும் அக்கதைகளில் எம்மவர் பெரும்பாலும் இலர். தமிழகத் திரைக்கு மலைநாடு ஒரு பசுமையான பின்னணி. இலங்கைத் தமிழரெனில் வடக்கும் போரும் மட்டுமே. 2021 ஆம் ஆண்டு அமேசான் பிரைமில் வெளிவந்த 'தி ஃபேமிலி மேன்' தொடரின் இரண்டாம் பருவம் ஈழத்தமிழரைச் சித்திரித்த முறைக்கு எதிராகத் தமிழக அரசே குரல் கொடுத்தது. முத்தையா முரளிதரனின் வாழ்வைக் கூறும் '800' என்னும் படம் 2023 ஆம் ஆண்டிலே திரைக்கு வந்தது. அதற்கு முன்னரே, எதிர்ப்பின் காரணமாக 2020 ஆம் ஆண்டில் விஜய் சேதுபதி அதிலிருந்து விலக நேர்ந்தது. அவ்வழக்கு முழுவதும் பெரும்பாலும் போரைச் சுற்றியே நடந்தது. முரளிதரனின் பாட்டனார் எம் முன்னோரைப் போலவே தோட்டத்துக்கு உழைக்க வந்தவர் என்பதை ஆராய்ந்தோர் மிகச் சிலர்.

1964 ஆம் ஆண்டு ஸ்ரீமா – சாஸ்திரி உடன்படிக்கையால் 525,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாயிற்று. எம் உறவினர் பல்லாயிரவர் கப்பலேறினர். இங்கே 'இந்தியர்' எனப்பட்டோர் நீலகிரியிலே 'சிலோன்காரர்' எனப்பட்டனர். இதனினும் பெருங்காவியத்துக்குரிய பொருள் யாதுளது? எனினும் அதனை நிறைவுறப் பாடிய தமிழ்த்திரை இல்லை. பாலாவின் 'பரதேசி' 2013 ஆம் ஆண்டிலே தேயிலைத் தோட்டத்துக் கொடுமையைக் காட்டியபோது, எம் முதியோர் அதனைத் தம் பாட்டனார் கதையாகவே கண்டு கலங்கினர். ஆயின் அக்கதையின் களம் தென்னிந்தியத் தோட்டமே.

எம் கதையைப் பிறர் சொல்லவில்லையெனப் புலம்புவதாற் பயனில்லை. எம்மவர் முன்னே சொல்ல முயன்றதுண்டு. இலங்கையின் தொடக்ககாலத் தமிழ்ப் படங்களுள் ஒன்றாகிய 'தோட்டக்காரி' 1963 ஆம் ஆண்டில் வந்தது. தொழிற்சங்கவாதியாகிய வி. பி. கணேசன் 'புதிய காற்று' என்னும் படத்தை 1975 ஆம் ஆண்டிலே தந்தார். 1947 ஆம் ஆண்டிலே தலவாக்கலைத் தொகுதியின் பாராளுமன்ற உறுப்பினரான சி. வி. வேலுப்பிள்ளை, மலைநாட்டு மக்கள் பாடல்களைத் தொகுத்துக் காத்தார். 'வீரகேசரி' மலைநாட்டு எழுத்தாளர்க்கு நடத்திய சிறுகதைப் போட்டிகளிற் பரிசுபெற்றவை 1971 ஆம் ஆண்டு 'கதைக்கனிகள்' என நூலுருப்பெற்றன. 1970களின் முற்பகுதியில் இந்தியச் சஞ்சிகைகளின் வரவு கட்டுப்படுத்தப்பட்டபோது, ஈழத்துப் பதிப்புத்துறை தழைத்தது என்பர். இணையத்தின் காலத்தில் அத்தகைய மதிலை எழுப்புதல் இயலாது. இயலினும் யாம் அதனை விரும்போம். மதில் இல்லாமலே எம் பயிர் வளர்தல் வேண்டும்.

தமிழாசிரியர் என்ற முறையில் மொழியைப் பற்றியும் ஒரு சொல். பிரட்டு, கவ்வாத்து, அரைப்பேர், பீலி, காம்பரா, இஸ்தோப்பு ஆகியன எம் பாட்டன் பாட்டியரின் உழைப்பிலே பிறந்த வழக்குகள். இவற்றுட் சில எம் மாணவர்க்கே விளங்குவதில்லை. விளங்கினும் கொழும்பிலே சொல்லக் கூசுகின்றனர். சென்னைப் பேச்சைப் போலிசெய்வது நாகரிகமெனக் கருதுகின்றனர். 2025 ஆம் ஆண்டிலே வந்த 'டூரிஸ்ட் ஃபேமிலி' என்னும் படத்தில், சென்னையில் ஒளிந்து வாழும் இலங்கைக் குடும்பம் தன் பேச்சு தன்னைக் காட்டிக்கொடுக்குமோ என அஞ்சுவதைக் கண்டு எம் இளைஞர் இரங்கினர். அவ்வச்சத்துக்கு அவர்க்கொரு காரணம் இருந்தது. எவரும் துரத்தாத எமக்கு யாது காரணம்?

இக்குறை தீர யாம் கூறும் வழிகள் பெருஞ்செலவு வேண்டாதவை. மாணவரே, நீவிர் கண்ட படத்தைப் பற்றிப் பேசி முடிக்கும்போது, 'இது நம் தோட்டத்தில் எவ்வாறு?' என்னும் ஒரு வினாவைச் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் கைத்தொலைபேசி காண்பதற்கு மட்டுமன்று, பதிவதற்கும் உரிய கருவி. பாட்டியின் தாலாட்டையும் ஒப்பாரியையும், பாட்டனார் கப்பலேற்றிய உறவினரின் கதையையும் அதிலே பதிந்துவையுங்கள். ஆசிரியப் பெருமக்களே, இலக்கிய மன்றத்திலே திங்களுக்கொரு நாள் ஒரு படத்தை வைத்து முறையாக விவாதிக்க இடந்தாருங்கள். மறைவிற் பேசுவதை மன்றிற் பேசப் பழகியவன் பொய்யும் மிகையும் தானே களைவான். பழைய மாணவரே, நூலகத்திலே மலையக எழுத்துக்கென ஓர் அலுமாரியையும், ஆண்டுதோறும் மாணவர் எழுதும் சிறுகதைக்கும் எடுக்கும் குறும்படத்துக்கும் ஒரு பரிசையும் நிறுவுங்கள். விழாவின் நினைவாகக் கல்லிற் பெயர் பொறிப்பதினும் இது நெடிது நிற்கும்.

அடுத்த விழா மலர் வெளிவரும் நாளிலும் எம் மாணவர் ஓய்வுவேளையிற் படங்களைப் பற்றியே பேசட்டும். அவற்றுள் ஒன்றேனும் இம்மலையில் எழுதப்பட்டு, இம்மலையின் சொல்லாற் பேசி, இம்மலையின் குறையையும் நிறையையும் கூசாது காட்டுவதாக அமைவதாக.